எதிர்பாராத வாரிசுக் கடிதம்: உண்மையா, ஏமாற்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டங்களை விட்டு வந்து தாமான் என்னும் குடியிருப்புகளில் குடியேறிய குடும்பங்களுக்கு அவ்வப்போது ஒரு கடிதம் வருகிறது. எங்கோ யாரோ இறந்துவிட்டார், அவர் விட்டுப்போன சொத்துக்கு நீங்கள்தான் வாரிசு என்கிறது அது. மனு எழுதவும் பாரம் நிரப்பவும் ஊர் மக்களுக்கு உதவி வருவதால் இத்தகைய கடிதங்களை நானும் படிக்க நேர்கிறது. பெரும்பாலானவை ஏமாற்று வேலை. ஆனால் எல்லாமே அப்படி இல்லை. நம்பிப் பணம் அனுப்பி ஓய்வுக்காலச் சேமிப்பை இழந்த குடும்பமும் இங்கே உண்டு. பொய் என்று கிழித்துப் போட்டுவிட்டுப் பிறகு அலைந்த குடும்பமும் உண்டு. என்னிடம் மக்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடிதம் கையில் இருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தொகையை விட்டுவிட்டு இறந்தவரைத் தேடுங்கள். அவருடைய முழுப்பெயர் என்ன? எந்த ஊரில், எந்தத் தேதியில் இறந்தார்? உங்களுக்கு அவர் என்ன முறை? இந்த மூன்றுக்கும் கடிதத்திலேயே பதில் இருந்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம். "உங்கள் தந்தைவழிப் பாட்டியின் தம்பி" என்று சொல்லும் கடிதத்தை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க முடியும். "உங்கள் தூரத்து உறவினர்" என்று மட்டும் சொல்லும் கடிதத்தில் சரிபார்க்க என்ன இருக்கிறது?

அண்மையில் ஓர் அம்மா கொண்டுவந்த கடிதத்தைச் சொல்கிறேன். தடித்த தாள். மேலே தராசுப் படம், கீழே பொன்னிற முத்திரை. ஒரு கோடியே இருபது லட்சம் அமெரிக்க டாலர் என்ற தொகை மட்டும் தடித்த எழுத்தில் மூன்று இடங்களில் இருந்தது. இறந்தவரின் பெயரோ "மறைந்த எங்கள் வாடிக்கையாளர்" என்பதோடு சரி. மனைவி, மக்களோடு சாலை விபத்தில் இறந்தாராம். எந்தச் சாலை, எந்த ஆண்டு என்பது இல்லை. தலைப்பில் லண்டன் முகவரி இருந்தது, ஆனால் உறையில் கோலாலம்பூர் அஞ்சல் முத்திரை. பதில் அனுப்ப ஓர் இலவச மின்னஞ்சலும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் கொடுத்திருந்தார்கள். அலுவலகத் தொலைபேசி எண் இல்லை, கோப்பு எண் இல்லை. அந்த அம்மா முத்திரையைத்தான் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரையை எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம். இறந்த ஒருவரின் விவரத்தை உருவாக்குவது அவ்வளவு எளிதன்று. அதனால்தான் அந்த இடத்தை வெற்றாக விடுகிறார்கள்.

என் பெயர், முகவரி, அடையாளக் கார்டு எண் எல்லாம் சரியாக இருக்கின்றனவே?

அது எதையும் நிரூபிக்காது. குலுக்கல் பாரம், தவணைக் கடன் விண்ணப்பம், கடை உறுப்பினர் அட்டை என்று நாம் எழுதிக் கொடுத்த இடங்கள் ஏராளம். அங்கிருந்து கசிந்த விவரங்கள் கைமாறி விற்கப்படுகின்றன. உங்களைப் பற்றிக் கடிதம் எழுதியவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இறந்தவரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று கேளுங்கள்.

"உங்கள் குடும்பப் பெயரைக் கொண்ட ஒருவர் வாரிசின்றி இறந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறது. உண்மையாக இருக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அடையாளக் கார்டில் உங்கள் பெயருக்குப் பின்னால் இருப்பது தந்தையின் பெயர். சுப்பிரமணியம் மகன், முனியாண்டி மகள் என்று இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்! வெள்ளைக்காரர் பெயர் முறையை மனத்தில் வைத்து எழுதிய கடிதத்தை நமக்கும் அனுப்புகிறார்கள்.

சட்டமும் பெயர் ஒற்றுமையைப் பார்ப்பதில்லை. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். முதல் உரிமை கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு. மூன்று தரப்பும் உயிரோடு இருந்தால் துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. இவர்களில் ஒருவரும் இல்லையென்றால் உடன்பிறந்தோர், அடுத்து தாத்தா பாட்டி, அதற்கும் அடுத்து பெற்றோரின் உடன்பிறந்தோர் என்று வரிசை போகிறது. கடைசிவரை யாரும் இல்லையென்றால் சொத்து அரசாங்கத்துக்குச் சேரும். அதே பெயருள்ள அந்நியர் அந்த வரிசையில் எங்கும் வருவதில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் என்னும் இஸ்லாமிய வாரிசுரிமை முறை. அங்கும் உரிமை வருவது இரத்த உறவாலும் திருமணத்தாலும்தான்.

இத்தகைய கடிதங்களில் இன்னொரு வரியும் இருக்கும்: "வாரிசாக நீங்கள் முன்வந்தால் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம்." இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவு இல்லாத ஒருவருக்கு உறவு என்று கையெழுத்துப் போடச் சொல்லும் அழைப்பு அது. ஒப்புக்கொள்பவர் குற்றத்தில் கூட்டாளி ஆகிறார்.

தாத்தாவின் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் பொய்தானே?

அவசரப்பட வேண்டாம். தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் நம்முடையவை. ஒரே மனிதர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், செக்ரோல் என்னும் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் வேறுவிதமாகவும், மரணச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் இருப்பார். உண்மையான கடிதம் பழைய பதிவில் இருப்பதை அப்படியே எழுதும். ஆகவே எழுத்துப் பிழையை வைத்து இறந்தவரைத் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் உள்ள பழைய பத்திரங்களை எடுத்து, எந்தப் பதிவில் அந்த எழுத்துமுறை இருக்கிறது என்று பாருங்கள். கடிதத்தின் பெயர் ஒரு பழைய பத்திரத்தோடு ஒத்துப்போனால் அது நல்ல அறிகுறி.

தாத்தா வேலை செய்த தோட்டத்தின் துரை லண்டனில் இறந்து, தொழிலாளர் குடும்பங்களுக்கு உயில் எழுதியிருக்கிறாராம். நம்பலாமா?

இந்தக் கதை நம் மக்களை எளிதில் தொடுகிறது. தாத்தா பாட்டி நெற்றி விளக்கோடு விடியுமுன்னே பால்மர (ரப்பர்) காட்டுக்குப் போன நினைவு இன்னும் ஈரமாக இருக்கிறது. அந்த உழைப்புக்கு யாராவது ஒரு நாள் கணக்குத் தீர்ப்பார்கள் என்ற ஏக்கம் நியாயமானது. அந்த ஏக்கத்தைத் தொட்டுப் பணம் பறிப்பவர்கள் மீது எனக்கு வருகிற கோபம் சாதாரணமானதன்று.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற உயில் பொது ஆவணம். 1858 முதலான பதிவுகளை அந்நாட்டு அரசாங்க இணையத்தளத்தில் இறந்தவரின் பெயரையும் இறந்த ஆண்டையும் கொடுத்து யாரும் தேடலாம்; சிறு கட்டணம் கட்டினால் நகலும் கிடைக்கும். துரையின் பெயரையும் இறந்த ஆண்டையும் கடிதம் எழுதியவரிடம் கேளுங்கள். பதில் சொல்லாமல் நழுவினால் அதுவே பதில்.

வாரிசு தெரியாமல் கிடக்கும் சொத்துகளின் பட்டியலையும் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்டு வந்திருக்கிறது. அத்தகைய சொத்துகளுக்கு வாரிசுகளைத் தேடிப்பிடிப்பதையே தொழிலாக நடத்தும் நிறுவனங்களும் அங்கே உண்டு. அவர்களில் நேர்மையானவர்கள் சொத்து கைக்கு வந்தபின் அதில் ஒரு விழுக்காட்டை எடுத்துக்கொள்வார்கள். முன்பணம் கேட்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் வரை இறந்தவர் யார் என்பதை முழுமையாகச் சொல்லவும் மாட்டார்கள், ஏனென்றால் அவர்களின் பிழைப்பே அந்தத் தகவல்தான். ஆகவே அந்த ஒரு வகைக் கடிதத்தில் பெயர் இல்லாதிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், நிறுவனம் உண்மையானதா என்று தனியாக விசாரித்து, ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

எழுதியவர் உண்மையான வழக்கறிஞரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து "நீங்கள் வழக்கறிஞரா?" என்று கேட்பதில் பயனில்லை. எண்ணை நீங்களாகத் தேட வேண்டும். மலேசிய வழக்கறிஞர் என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரையும் நிறுவனத்தையும் தேடிப் பார்க்கலாம். இங்கிலாந்து என்றால் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பதிவேட்டில் பார்க்கலாம். போலிப் பெயர்களைப் பற்றிய எச்சரிக்கைகளையும் அந்த ஆணையம் வெளியிடுகிறது.

பெயர் பதிவேட்டில் இருப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உண்மையான வழக்கறிஞரின் பெயரைத் திருடி எழுதுவதும் நடக்கிறது. பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, "இந்தக் கோப்பு எண்ணில் இந்தக் கடிதம் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்ததா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஈப்போவில் உள்ள அலுவலகம் என்றால் நேரில் போய்க் கதவைத் தட்டிவிடுவது இன்னும் நல்லது.

வரியும் கட்டணமும் கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்கிறார்கள். சிறிய தொகைதான். கட்டிப் பார்க்கலாமா?

கட்டாதீர்கள். ஒரு காசுகூட வேண்டாம்.

மலேசியாவில் வாரிசு வரி கிடையாது. 1991 நவம்பர் 1 முதல் அது ஒழிக்கப்பட்டுவிட்டது. இந்தியாவில் 1985லேயே எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இன்னும் உண்டு, ஆனால் பொதுவாக அதை இறந்தவரின் சொத்திலிருந்து, சொத்தை நிர்வகிப்பவர் கட்டுகிறார். சுங்கை சிப்புட்டில் இருக்கும் நீங்கள் முன்கூட்டியே ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் போட வேண்டிய வரி எந்த நாட்டிலும் இல்லை.

இந்த ஏமாற்று நடக்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் கேட்பது முந்நூறு, ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்). பதிவுக் கட்டணம் என்பார்கள். கட்டியதும் நீதிமன்ற முத்திரை, அதற்கடுத்துப் பயங்கரவாதத் தடைச் சான்றிதழ், பிறகு பணமாற்றக் கட்டணம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிது. ஏற்கெனவே கட்டியதை விட மனம் வராமல் மக்கள் அடுத்ததையும் கட்டுகிறார்கள். சில சமயம் பணம் பெட்டியில் வருகிறது, விமான நிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது என்றும் கதை வரும். எந்த நாட்டிலும் சொத்துரிமை பெட்டியில் நோட்டுக் கட்டாக வருவதில்லை. சுங்கத்துறையும் தனிமனிதர் கணக்கில் பணம் போடச் சொல்வதில்லை.

உண்மையான சொத்து விவகாரத்திலும் செலவு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நீதிமன்ற மனு, வழக்கறிஞர் ஊதியம், பத்திர நகல் என்று செலவாகும். ஆனால் அந்த வழக்கறிஞரை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், நேரில் பார்க்கிறீர்கள், ரசீது வாங்குகிறீர்கள். பணம் போகும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். கணக்கு ஒரு தனிமனிதர் பெயரில் இருந்தால், அந்த எண்ணை அரச மலேசியக் காவல் படையின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். அந்த எண்ணின் மீது காவல்துறையில் புகார் இருக்கிறதா என்று காட்டும். புகார் இல்லை என்று வந்தால் நல்ல கணக்கு என்று பொருளில்லை. புதிதாகத் திறந்த கணக்காகவும் இருக்கலாம்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். உறவினர் பங்கு கேட்டு வருவார்கள் என்பது சரிதானே?

உண்மையான சொத்துப் பகிர்வில் இரகசியத்துக்கு இடமே இல்லை. ஐம்பது லட்சம் ரிங்கிட்டுக்கு உட்பட்ட, நிலம் அடங்கிய சொத்து இங்கே சிறு சொத்துகள் பகிர்வுச் சட்டத்தின்கீழ் வருகிறது. அந்த விசாரணைக்கு எல்லா வாரிசுகளையும் அழைக்கிறார்கள். அண்ணன் வந்தாரா, கட்டிக்கொடுத்த தங்கை வந்தாரா என்று பார்க்கிறார்கள். வர முடியாதவரின் சம்மதத்தை எழுத்தில் கேட்கிறார்கள். குடும்பமே கூடும் காரியம் அது. உங்களைத் தனியாகப் பிரிக்க நினைப்பவர், விவரம் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாரே என்று பயப்படுகிறார். அவர் பயப்படுவதைச் செய்யுங்கள்: கடிதத்தைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

அப்படியானால் நமக்கு வர வேண்டிய உண்மையான பணம் எங்கேதான் இருக்கும்?

லண்டனைவிடப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஏழாண்டு எந்த நடவடிக்கையும் இல்லாத வங்கிக் கணக்கின் பணம், கேட்பாரற்ற சம்பளம், லாப ஈவு போன்றவை கோரப்படாத பணமாகத் தேசியக் கணக்காளர் துறைக்குப் போய்ச் சேர்கின்றன. 'இ-குமிஸ்' என்ற அதன் இணையத்தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு இலவசமாகத் தேடலாம். இறந்துபோன தந்தையின் எண்ணையும் தேடிப் பாருங்கள். எடுத்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்கும் இடைத்தரகர்கள் உண்டு. நீங்களே நேரில் கோரலாம். ஊழியர் சேமநிதி வாரியத்திலும் இறந்தவர் யாரை நியமித்திருந்தார் என்று கேளுங்கள்.

தோட்டப்புறக் குடும்பங்கள் மறக்கக் கூடாத இன்னொன்று, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், நம் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கியது. மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கியவர்கள் நம் தாத்தாக்களும் பாட்டிகளும். தகரப் பெட்டிக்குள், பிறப்புப் பத்திரத்தோடு மடித்து வைத்த அந்தப் பங்குப் பத்திரம் இன்னும் கிடக்கலாம். கிடைத்தால் இடையில் யாரையும் விடாமல் சங்கத்திடமே நேராகக் கேளுங்கள்.

அமானா ராயாவின் பெயரில் கடிதம் வந்தாலும் இதே முறைதான். அது உண்மையான நிறுவனம், இறந்தவர்களின் சொத்தை நிர்வகிப்பது அதன் வேலை. அதனால்தான் அதன் பெயரையும் திருடுகிறார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு அதன் கிளைக்கே போங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து, பூர்வீக நிலத்தில் எங்களுக்குப் பங்கு இருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. இதுவும் ஏமாற்றா?

இதை அலட்சியம் செய்யாதீர்கள். கப்பலேறி வந்த நம் முன்னோர் ஊரில் அண்ணன் தம்பியை விட்டுவந்தார்கள். 1969க்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்காமல் ஊர் திரும்பிய குடும்பங்களும் ஏராளம். அங்கே நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருப்பது நடக்கக்கூடியதே.

கடிதம் எழுதியவரிடம் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் நான்கையும் கேளுங்கள். இவை இருந்தால் பட்டா, சிட்டா என்னும் நில உரிமைப் பதிவு விவரத்தைத் தமிழ்நாடு அரசின் இணையத்தளத்தில் இங்கிருந்தே பார்க்கலாம். யார் யாருக்கு விற்றார், எப்போது அடமானம் வைத்தார் என்பதைப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் பத்திரப் பதிவு வரலாறு, பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வாரிசுச் சான்றிதழை அங்குள்ள வட்டாட்சியர் அலுவலகம் வழங்குகிறது.

இங்கே ஆபத்து வேறு உருவத்தில் வருகிறது. பணம் கேட்க மாட்டார்கள்; கையெழுத்துக் கேட்பார்கள். "சும்மா ஒரு கையெழுத்து, பட்டா மாற்ற" என்று நீட்டும் தாள் விடுதலைப் பத்திரமாக இருக்கும். கையெழுத்திட்டால் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். பொது அதிகாரப் பத்திரமும் அப்படியே, நிலத்தை விற்கும் உரிமைவரை கைமாறிவிடும். எழுதியவர் சொந்தச் சித்தப்பா மகனாகவே இருந்தாலும், நீங்கள் அமர்த்திய ஒரு வழக்கறிஞர் படித்துச் சொன்ன பிறகே பேனாவை எடுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 1989லும் இந்தியா முழுவதற்கும் 2005லும் கொண்டுவந்த சட்டத் திருத்தங்கள் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்திருக்கின்றன. திருமணத் தேதியும் பாகம் பிரித்த தேதியும் இதில் முக்கியம். அவற்றை வழக்கறிஞரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடையாளக் கார்டின் நகல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

எழுதியவர் யார் என்று உறுதியாகும்வரை கூடாது. உறுதியான பிறகும் நகலின் குறுக்கே இரு கோடு போட்டு, எதற்காக, யாருக்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். வங்கிக் கணக்கு எண் கேட்டாலும் நிதானம் தேவை. ஏமாற்றிச் சேர்த்த வேறொருவரின் பணத்தை உங்கள் கணக்கின் வழியே கடத்துவார்கள். காவல்துறை முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஏடிஎம் கார்டையோ ரகசிய எண்ணையோ எவர் கேட்டாலும் அத்துடன் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பணம் அனுப்பிவிட்டோம். இனி என்ன செய்வது?

உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது 2022இல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க முடிந்தால் மீட்க வழியுண்டு, அதனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். கடிதம், உறை, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம்.

சில வாரங்களில் இன்னொருவர் அழைப்பார். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், சிறு கட்டணம் கட்டுங்கள் என்பார். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வரும் அதே கூட்டம்தான்.

அப்பா கடிதத்தை முழுமையாக நம்புகிறார். சொன்னால் கோபப்படுகிறார். எப்படிப் பேசுவது?

"ஏமாந்துவிட்டீர்கள்" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் பணம் அனுப்புவார். வாழ்நாள் முழுக்க உழைத்தவர், பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டும் என்று நினைக்கிறார். அவர் நம்புவதற்குக் காரணம் அதுதான். "இறந்தவர் நமக்கு என்ன முறைப்பா?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு தாளில் அவருடைய பெற்றோர், பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். இறந்தவர் அந்தத் தாளில் எங்கே வருகிறார் என்று அவரே தேடட்டும். பிறகு வழக்கறிஞர் மன்றப் பதிவேட்டில் கிடைத்த எண்ணுக்கு, ஒலிபெருக்கியைப் போட்டு, அவரையே பேசச் சொல்லுங்கள். அந்தப் பெயர்த் தாளைக் கவனமாக எடுத்து வையுங்கள். நாளைக்கு உண்மையான கடிதம் ஒன்று வந்தால் முதலில் தேவைப்படுவது அதுதான்.